அட்வென்ட் ஸ்பீக்கரில் ஓர ஃபோம் உதிர்ந்துவிட்டதா? வூஃபரை மாற்ற வேண்டாம்

கேள்வி இதுதான்: எழுபதுகளில் அப்பா பாஸ்டனில் படித்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்த ஒரு ஜோடி பெரிய அட்வென்ட் ஸ்பீக்கர், பெசன்ட் நகர் வீட்டில் பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. வூஃபரை, அதாவது ஆழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த ஃபோம் தூள்தூளாகக் கொட்டிவிட்டது. ஒரு பெட்டியில் ட்வீட்டர் (உயர் ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்) பேசவில்லை. பழுதுபார்க்கும் கடையில் "இதெல்லாம் இப்போ கிடைக்காது சார், புது பத்து இஞ்ச் வூஃபர் போட்டுடலாம்" என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, எங்கே ஆரம்பிப்பது?

முடியும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் பொறுமைதான். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புது வூஃபர் மட்டும் மாட்டிவிடாதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கைக்கு அன்றாடம் வருவது கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிற ஸ்பீக்கர்கள். அங்கே காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கருகினால் புதுக் கோன் (முன்னால் அசையும் காகிதக் கூம்பு) கட்டுவதும், முழுசாக மாற்றுவதும் சரியான வேலை. உங்களுடைய ஸ்பீக்கரில் காயிலும் கோனும் காந்தமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது விளிம்பில் இருந்த ஒரு ஃபோம் வளையம். அதை மட்டும் திருப்பி வைத்தால் ஸ்பீக்கர் திரும்பி வந்துவிடும்.

ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், இந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் அப்படி. 1950களின் ஆரம்பம் வரை வீட்டில் ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) கேட்க வேண்டுமென்றால் ஆள் உயரப் பெட்டி வேண்டும். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்க ஆசிரியர் அதைத் தலைகீழாக யோசித்தார். கோனைப் பிடித்திருக்கும் துணியும் காகிதமும் ஸ்பிரிங் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை, நீளமாக அசையும்போது ஒலியைக் கெடுக்கின்றன. அப்படியானால் கோனைத் தொளதொளவென்று தொங்கவிட்டுவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்தால் என்ன? சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் திமிறிக்கொண்டு மேலே வருமே, அதே காற்றுதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வில்ச்சரின் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞருக்கு இது பிடித்துப்போனது. இருவரும் 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார்கள். க்ளாஸ் பிறகு பிரிந்து 1957இல் கே.எல்.ஹெச்சைத் தொடங்கினார், 1967இல் அட்வென்ட்டைத் தொடங்கினார். அவருடைய மனம் அப்போது பெரிய திரையில் படம் காட்டும் புரொஜெக்‌ஷன் டிவியில் இருந்தது. அதற்குப் பணம் வேண்டும் என்றுதான் ஸ்பீக்கர் செய்தார். ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. அன்றைய விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள் இறங்கும் ஆழத்துக்கு இதுவும் இறங்கும், விலையோ மாணவர்களும் எட்டிப் பிடிக்கிற அளவு. உங்கள் அப்பா இதை வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. இந்த வூஃபரின் விளிம்பு மெத்தென்று இருந்தே ஆக வேண்டும். கோன் கனமாக, தளர்வாக இருக்கிறது, காற்று அதைத் திருப்பித் தள்ளுகிறது, இரண்டும் சேர்ந்து நாற்பது சொச்சம் ஹெர்ட்ஸ் வரை இறங்குகின்றன. மேடை ஸ்பீக்கர்களுக்கான வூஃபரில் விளிம்பு விறைப்பான துணி, கோன் லேசு. சத்தம் அதிகம் வரும், ஆழம் வராது. அதை இந்த மூடிய பெட்டியில் போட்டால் அதன் சொந்த விறைப்போடு காற்றின் விறைப்பும் சேர்ந்துகொள்ளும். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்கும், தொப்பி காணாமல் போய்விடும். ஃபோமுக்குப் பதிலாக ரப்பர் விளிம்பு ஒட்டினால் நிறைய நாள் உழைக்குமே என்று சிலர் சொல்வார்கள். உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பரின் எடையும் விறைப்பும் வேறு, அது வேறொரு ஸ்பீக்கராகிவிடும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம்தான் வர வேண்டும்.

சரி, அந்த ஃபோம் ஏன் உதிர்ந்தது? நீங்கள் சத்தமாக வைத்ததால் இல்லை, எலி கடித்ததாலும் இல்லை. அது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் இன்னும் வேகம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் 15, 20 வருடத்தில் அது முடிந்த கதை. கடலோர வீடு என்றால் சொல்லவே வேண்டாம். பெட்டியைத் திறக்காமலே அட்டைப்பெட்டியில் வைத்திருந்த ஸ்பீக்கருக்கும் இதே கதிதான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் இருப்பதைச் சோதித்துவிடுங்கள். ஃபோம் போன ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) மாட்டி "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று பாட விடாதீர்கள். மையத்தில் பிடித்துவைக்க விளிம்பு இல்லாதபோது காயில் காந்த இடைவெளியில் உரசும், நன்றாக இருக்கிற காயிலும் போய்விடும். இரண்டு கை விரல்களையும் கோனில் எதிரெதிரே வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் காயிலும் பின்னால் கோனைத் தாங்கும் துணி வளையமான ஸ்பைடரும் நலம். மண் அரைபடுவது போலக் கேட்டால் ஃபோம் தூள் உள்ளே போயிருக்கலாம், அல்லது காயில் நகர்ந்திருக்கலாம். விளிம்பு இல்லாத கோன் கொஞ்சம் சாய்ந்து நிற்பதாலும் இப்படிக் கேட்கும், அதனால் கையாலேயே நடுவில் பிடித்து இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டர். வயரைக் கழற்றிவிட்டு வூஃபரின் இரண்டு முனையிலும் வைத்தால் 5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேர்மின்தடை எப்போதும் 8க்குக் கீழேதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பெட்டியின் பின்பக்க முனையில் மீட்டரை வைத்து "ஓம் காட்டுகிறது, ட்வீட்டர் நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ட்வீட்டருக்குப் போகும் பாதையில் கப்பாசிட்டர் குறுக்கே நிற்கிறது, அது நேர்மின்சாரத்தை விடாது. பின்னால் நீங்கள் அளப்பது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டரைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

வூஃபரை வெளியே எடுப்பதற்கு முன்னால் பெட்டியைப் படுக்கவைத்துவிடுங்கள். முன்பக்கத் துணிச் சட்டத்தை மெல்ல நெம்பி எடுத்தால் திருகுகள் தெரியும். திருகை எல்லாம் எடுத்தாலும் வூஃபர் வராது. காற்றுக் கசியாமல் இருக்க ஓரத்தில் வைத்த பசை இத்தனை வருடத்தில் இறுகியிருக்கும். ஒரு மெல்லிய பட்டைக் கத்தியால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒரே இடத்தில் நெம்பினால் பார்ட்டிகிள் போர்டு பெயர்ந்துகொண்டு வரும். ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு வூஃபருக்கு மேல் கை நகர்த்தும்போது இறுக்கிப் பிடியுங்கள். காந்தம் அதைப் பிடுங்கிக்கொள்ளும், நுனி நேராகக் கோனில் இறங்கும். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வயரிலும் மார்க்கரால் குறியிடுங்கள்.

உங்களுடையது முதல் மாடலா பிந்தையதா என்று இப்போது தெரிந்துவிடும். முதலில் வந்த அட்வென்ட்டில் வூஃபரின் இரும்புச் சட்டத்தைச் சுற்றி மேசனைட் அட்டை வளையம் இருக்கும். வெளியிலிருந்து 12 அங்குல வூஃபர் போலத் தோன்றினாலும் கோன் அதைவிடச் சின்னது. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த புதிய பதிப்பில் முழுவதும் உலோகச் சட்டம். ஃபோம் விற்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கிறார்கள், "அட்வென்ட்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் தவறான வளையம் வந்து சேரும். கோனின் வெளிவிட்டம், சட்டத்தில் ஃபோம் உட்காரும் இடத்தின் உள்விட்டமும் வெளிவிட்டமும், இந்த மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். ஃபோமின் உள்விளிம்பு கோனின் சரிவுக்கு ஏற்ற கோணத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. தட்டையான விளிம்பை வளைத்து ஒட்டினால் நாளாக ஆகப் பிரிந்துகொண்டு வரும். இந்த மாடலுக்கென்றே வெட்டிய ஃபோம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து ஆன்லைனில் வருகிறது. லேசான பொருள்தான், வரவழைத்துவிடலாம். அளவு பொருந்துகிறது என்று கையில் கிடைக்கும் தடித்த ஃபோமைப் போடாதீர்கள்.

பழைய ஃபோமைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடிப்பது. இதை அவசரப்படுத்தவே கூடாது. சில இடத்தில் அது பிஸ்கட் தூள் மாதிரி உதிரும், சில இடத்தில் தார் போல ஒட்டிக்கொண்டு கையோடு வரும். கோன் பக்கத்தில் விரல் நுனியாலும் முனை மழுங்கிய கத்தியாலும் தேய்த்து எடுங்கள். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, ஒரு விரற்கடை அகலம் மட்டும் நனைத்து, அது இளகியதும் வழித்தெடுங்கள். கோனை நனைத்து ஊறவைத்துவிடாதீர்கள், அது காகிதம். பழைய பசையின் மெல்லிய படலம் கோனில் தங்கினால் பரவாயில்லை, வழவழவென்று சமமாக இருந்தால் போதும். சட்டத்தின் பக்கம் தாராளமாகச் சுரண்டலாம். வேலை நடக்கும்போது வூஃபரைக் கவிழ்த்தோ சாய்த்தோ பிடியுங்கள், தூள் உள்ளே விழாமல் கீழே கொட்டும். பழைய ஃபோம் கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா அடியில் ஒட்டியிருந்ததா என்று சுரண்டுவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், புதியதும் அதே பக்கம்தான் போக வேண்டும். இதை விட்டுவிட்டால் கோன் நிற்கும் உயரமே மாறிவிடும்.

பசை. ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், அது விறைத்துக் காய்ந்து ஃபோமை வெட்டிவிடும், தவிர ஒட்டிய நொடிக்கு அப்புறம் திருத்தவும் விடாது. செருப்பும் ரெக்சினும் ஒட்டுகிற ரப்பர் சிமென்ட்டும் இந்த வேலைக்குச் சரியில்லை. இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டுத் தொட்டால் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். அதில் கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள், முதன்முறை செய்பவருக்கு அது பொறி. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை, அதாவது தச்சர்கள் பயன்படுத்தும் ஃபெவிக்கால் ரகம், எனக்குப் பிடித்தது. பத்துப் பதினைந்து நிமிடம் நகர்த்த விடும், காய்ந்தால் நிறமற்றுப் போகும், தப்பினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஃபோம் கிட்டோடு வரும் பசையும் பெரும்பாலும் இந்த வகைதான்.

முதலில் கோனோடு மட்டும் ஒட்டுங்கள். சிறிய தூரிகையால் மெல்லிய பூச்சு, ஃபோமிலும் கோனிலும். வைத்த பிறகு விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டே இருங்கள், எங்கேயும் வாய் திறந்து நிற்கக் கூடாது. சட்டத்தின் பக்கம் இப்போது பசையே வேண்டாம். ஒரு ராத்திரி காயட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை என்றால் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைப் பசை ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது.

அடுத்தது சட்டத்தோடு ஒட்டுவது, எல்லாமே இதில்தான் இருக்கிறது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபோமை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டினால் காயில் அந்தப் பக்கம் சாய்ந்து உரசும், அவ்வளவுதான் கதை முடிந்தது. இதைச் சரியாக நடுவில் நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, கோன் நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பைப் பிளேடால் வெட்டி எடுத்து, காயிலுக்கும் உள் இரும்புக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் சுற்றிலும் சொருகி, அசையாமல் நிறுத்தி ஒட்டுவது. எக்ஸ்-ரே ஃபிலிமை நறுக்கிப் பயன்படுத்துவார்கள். பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டு டஸ்ட் கேப்பைத் திரும்ப ஒட்ட வேண்டும். தப்பே நடக்காது, ஆனால் டஸ்ட் கேப்பில் வெட்டுத் தழும்பு கடைசிவரை இருக்கும்.

இரண்டாவது வழி தழும்பில்லாதது, ஸ்பைடர் நன்றாக இருந்தால் இதையே பரிந்துரைப்பேன். வூஃபரை மேசையில் வானத்தைப் பார்க்க வைத்து, ஆம்ப்பிலிருந்து வயர் கொடுங்கள். போனில் ஏதாவது டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 30 ஹெர்ட்ஸ் சைன் அலையை மிகக் குறைந்த ஒலியில் ஆரம்பியுங்கள். கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். சட்டத்தில் பசையைத் தடவி ஃபோமை இறக்குங்கள். இப்போது கோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோமை ஒரு மயிரிழை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் நகர்த்தினால் சரசரவென்று ஒரு உரசல் தொடங்கும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அது அடங்கி, இன்னும் தள்ளினால் அங்கேயும் தொடங்கும். இந்த இரண்டு உரசலுக்கும் நட்டநடுவில்தான் கோன் நிற்க வேண்டும். குறுக்குவாட்டிலும் இதே மாதிரி பாருங்கள். 30 ஹெர்ட்ஸில் ஒலி ஏறக்குறைய கேட்கவே கேட்காது என்பதால் சின்ன உரசல்கூடத் தனியாகக் கேட்கும். இடம் கிடைத்ததும் டோனை நிறுத்திவிட்டு விரலால் சுற்றிலும் அழுத்துங்கள். சட்டத்தில் பிடி இருந்தால் துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாகப் போடலாம். பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, பசை இறுகுவதற்கு முன்னால் இன்னொரு தடவை டோனைப் போட்டுச் சரிபாருங்கள். அப்புறம் 24 மணி நேரம் தொடாதீர்கள். ஒரு வூஃபரின் ஃபோம் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதை விட்டுவிட வேண்டாம், இரண்டுக்கும் ஒரே சமயத்தில், ஒரே வகை ஃபோம். இல்லாவிட்டால் இடமும் வலமும் பேஸில் ஒத்துப்போகாது.

பசை காய்கிற நேரத்தில் பேசாத ட்வீட்டரைப் பார்க்கலாம். ஆரஞ்சு நிறக் காகித வளையத்தின் நடுவில் ஒரு குமிழோடு இருக்கும், பொரித்த முட்டை என்று அமெரிக்க ரசிகர்கள் இதைச் செல்லமாகச் சொல்வார்கள். இது அவ்வளவு சீக்கிரம் கெடாது. நேராக மீட்டரை வைத்துச் சில ஓம் காட்டினால் ட்வீட்டர் உயிரோடு இருக்கிறது, தடை வேறெங்கோ. நான் முதலில் சந்தேகப்படுவது பெட்டியின் பின்னால் இருக்கும் மூன்று நிலை ஸ்விட்சை. உயர் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வைத்தது அது. அப்பா ஒரு நிலையில் வைத்துவிட்டு அதைத் தொட்டே இருக்க மாட்டார், உள்ளே தொடுமுனை கறுத்துப் போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் நன்றாகத் தள்ளுங்கள், பேசாத ட்வீட்டர்களில் பாதி இதிலேயே பேசிவிடும். அக்கூஸ்டிக் ரிசர்ச் ஸ்பீக்கர்களில் இதே இடத்தில் சுழலும் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் தடை) இருக்கும், அது பச்சையாகக் களிம்பேறி இன்னும் அதிகத் தொல்லை கொடுக்கும்.

ஸ்விட்சுக்கு அடுத்து கப்பாசிட்டர். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரில் இருப்பது துருவமற்ற (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக். ஐம்பது வருடத்தில் அதன் மதிப்பு விலகியிருக்கும், உள்தடை ஏறியிருக்கும். மேல் ஒலி மங்கிப்போவதற்கு அதுவே காரணமாக இருக்கும். அதன் மேல் அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட் மதிப்பைப் படித்து, அதே மதிப்பில் பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் கப்பாசிட்டர் போடுங்கள். வோல்ட் எண் அதிகமாக இருந்தால் கேடில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே தயாரிப்பு, 5 சதவீதத்துக்குள் துல்லியம். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், ஆனால் பவர் சப்ளைக்கு விற்கிற, ஒரு பக்கம் மைனஸ் கோடு போட்ட கப்பாசிட்டரை வாங்கி வந்துவிடாதீர்கள், அது இந்த வேலைக்கு உதவாது. ஃபிலிம் போட்டதும் ட்வீட்டர் தேவைக்கு மேல் கூர்மையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புதிய கப்பாசிட்டரின் உள்தடை பழையதைவிடக் குறைவு, அதன் கூடவே தொடரில் அரை ஓம் அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் பழைய குணம் திரும்பிவிடும். கிராஸ்ஓவரில் இருக்கும் காயில்களைத் தொட வேண்டாம். செம்புக் கம்பிக்கு வயதாவதில்லை. கிராஸ்ஓவரையே "மேம்படுத்தி" மாற்றித் தருகிறேன் என்பவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிடுங்கள். க்ளாஸ் காதால் கேட்டு அமைத்த சமநிலை அது, அதைக் கேட்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்.

இது எதிலும் பேசவில்லை, மீட்டரும் ஒன்றுமே காட்டவில்லை என்றால் ட்வீட்டரின் காயில் அறுந்திருக்கிறது. வெளிமுனையிலிருந்து குமிழுக்குப் போகும் மயிரிழைக் கம்பி சில சமயம் சால்டர் பிடித்த இடத்தில் மட்டும் விட்டுப்போயிருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அப்படியிருந்தால் ஒரு சொட்டு ஈயம் போதும். உள்ளேயே அறுந்திருந்தால் இதே மாடலின் பழைய ட்வீட்டரைத் தேடி வாங்குவதுதான் வழி. பிரித்து விற்கப்படும் அட்வென்ட்கள் அமெரிக்கச் சந்தையில் இன்றும் கிடைக்கின்றன. ஏதோ ஒரு நவீன ட்வீட்டரைத் துளையில் பொருத்துவது கடைசிக்கும் கடைசி. இந்த ட்வீட்டர் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸிலேயே வேலையைத் தொடங்குகிறது. இன்றைய சிறிய டோம் ட்வீட்டர்கள் அவ்வளவு கீழே இறங்கினால் திணறிவிடும்.

பெட்டிக்குள் மஞ்சள் பஞ்சு இருந்தால் அது கண்ணாடி இழை. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், அரிப்பு நாள்கணக்கில் போகாது. வெளியே எடுக்க நேர்ந்தால் எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவையும் திரும்ப வையுங்கள். அது வெறும் நிரப்பு இல்லை, உள்ளே இருக்கும் காற்றின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பெட்டியை இருப்பதைவிடப் பெரியதாக வூஃபருக்குக் காட்டுகிறது. பழசாக இருக்கிறதே என்று இலவம்பஞ்சைத் திணிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், அது கீழே இறங்கிக் கட்டிக்கொள்ளும், பூச்சியும் வரும்.

வூஃபரைத் திரும்ப மாட்டும்போது முடிந்தால் பழைய நிலையிலிருந்து அரைச்சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். இத்தனை வருடம் கோனின் கனத்தால் ஸ்பைடர் கீழ்நோக்கித் தொய்ந்திருக்கும், திருப்பினால் அது சரிக்குச் சரியாகும். ஓரத்தில் காற்றடைக்க, ஜன்னலுக்கு ஒட்டும் மெல்லிய ஃபோம் டேப் அல்லது இறுகிப்போகாத களிம்புப் பட்டி போதும். எம்-சீல் வேண்டாம், அடுத்த தடவை திறக்கும்போது வூஃபரோடு பலகையும் சேர்ந்து வரும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முடிந்ததும் கோனை மெதுவாக உள்ளே அழுத்தி ஒரு நொடி பிடித்துவிட்டுக் கையை எடுங்கள். கசிவில்லாத பெட்டியில் அது துள்ளாமல் சோம்பலாகத் திரும்பும். ஒன்று சோம்பலாகவும் மற்றது சட்டென்றும் வந்தால் வேகமாக வரும் பெட்டியில் எங்கோ காற்றுப் போகிறது. ஸ்விட்ச் ஓரம், வயர் முனை, ட்வீட்டர் ஓரம் என்று தேடுங்கள்.

பேட்டரிச் சோதனையையும் விட்டுவிட வேண்டாம். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைப் பின்முனையில் ஒரு கணம் தொட்டுக் காட்டுங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ். இரண்டு கோனும் ஒரே திசையில், வெளியே வர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒன்றின் பேஸை மற்றொன்று தின்றுவிடும், இத்தனை வேலையும் வீணானது போலத் தோன்றும். வயரை மாற்றிப் போட்டால் சரி. (பழைய ஜே.பி.எல். வூஃபர்களில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். அந்தக் கம்பெனியின் அன்றைய வழக்கம் அது, கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.)

பெட்டியின் மேல்பூச்சுக்கு இரண்டு வார்த்தை. அட்வென்ட் வால்நட் வெனீர் (மெல்லிய மரத்தகடு) போட்டும் வந்தது, மலிவான வினைல் போட்டும் வந்தது. வினைல் என்றால் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். வெனீர் என்றால் மிக நைசான உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே லேசாகத் தேய்த்து, டேனிஷ் ஆயில் பூசி, கால் மணி நேரத்தில் துடைத்துவிடுங்கள். பூச்சாடி வைத்த வெள்ளை வளையம் ஓரளவு மறையும், முழுவதும் போக வேண்டுமென்று ஆழமாகத் தேய்த்தால் வெனீரே போய்விடும். ஸ்டீல் ஊல் மட்டும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. அதன் இரும்புத் துகள் ஒன்று காந்த இடைவெளிக்குள் போனால் வெளியே எடுக்க முடியாது. முன்துணி மாற்றுவதானால் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போகிற துணிதான் ட்வீட்டருக்கு ஆகும்.

முதல் சில மணி நேரம் மெதுவாகப் பாட விடுங்கள், புது ஃபோம் பழகட்டும். பேஸ் ஆரம்பத்தில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் தெரியும். அலமாரியில் வைப்பதாக இருந்தாலும் சரி, தரையில் வைப்பதாக இருந்தாலும் சரி, ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வந்தால் நல்லது. தரை என்றால் ஒரு முக்காலி போட்டு ஏற்றுங்கள், அதிகப்படி பேஸும் குறையும். பால்கனிக் கதவு திறந்தால் உப்புக்காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடம் வேண்டாம், மாலை வெயில் விழும் சுவரும் வேண்டாம். ஃபோம் பளபளக்கட்டும் என்று கார் டேஷ்போர்டு ஸ்ப்ரேயோ எண்ணெயோ அதில் தடவாதீர்கள், உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். அடுத்த ஃபோம் மாற்றம் 15 வருடத்துக்கு அப்புறம்தான் வரும். அப்போதைக்கு அளவுகளை ஒரு தாளில் எழுதி, பழைய கப்பாசிட்டர் மதிப்பையும் கூடவே குறித்து, பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள்.